ஒரு சாண் போர்வைகள்: மும்பைப் பயணக் குறிப்புகள்

ஆகஸ்ட் 7, வியாழன் – தாதர், மாட்டுங்கா

கல்யாண் தாண்டியதிலிருந்து ஜன்னல் வழியாகச் சாரல் அடித்துக்கொண்டே வந்தது. கண்ணாடியை இறக்கினாலும் கீழே ஒரு விரல் இடைவெளி. சீட்டுக்கு அடியில் இருந்த என் துணிப்பை நனைந்துபோனது. எதிர் சீட்டில் சோலாப்பூரில் ஏறிய ஒரு அம்மா, நான் கேட்காமலேயே ஒரு பெரிய பிளாஸ்டிக் உறையை எடுத்து அதன்மேல் போர்த்திவிட்டார். அவரிடம் மகள் வீட்டுக்குக் கொண்டுபோகும் சோலாப்பூர் சாதர், அதாவது அந்த ஊர்ப் போர்வை, இரண்டு இருந்தன. என்னிடம் கரூர்த் துண்டு. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு மராத்தி தெரியாது. அவருடைய சாதரை நானும் என் துண்டை அவரும் விரலால் தேய்த்துப் பார்த்து, தலையாட்டிக்கொண்டோம். நெசவு ஊர்க்காரர்களுக்கு அதுவே நல்ல பேச்சு.

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கரூரில் வீட்டுத்துணி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் சாம்பிள் பிரிவில் வேலை. க்வில்ட், குஷன் கவர், டேபிள் ரன்னர் என்று தினமும் கையில் புழங்குவதுதான். மும்பையில் குட்டி க்வில்ட்டுகளுக்கு மட்டும் ஒரு கண்காட்சி என்று கூட வேலை பார்க்கும் பெண் போனில் காட்டினாள். ஒரு சாண், ஒன்றரைச் சாண் அளவுப் போர்வைகள். அதைப் பார்த்ததிலிருந்து மனசு அங்கேயே நின்றுவிட்டது. மாட்டுங்காவில் சித்தி இருக்கிறார், தங்க இடம் இருக்கிறது, கிளம்பிவிட்டேன்.

தாதர் ஸ்டேஷன் வாசலில் முதல் டாக்ஸிக்காரர் கிட்டத்தில் என்று வர மறுத்துவிட்டார். அடுத்தவர் மறுபேச்சில்லாமல் மீட்டரைப் போட்டு வந்து, 42 ரூபாய் போக மீதி எட்டு ரூபாயையும் எண்ணிக் கையில் கொடுத்தார். சித்தி வீட்டில் கொள்ளு ரசம், அப்பளம். ஈரத்துணியெல்லாம் ஃபேனுக்கு அடியில் காய்கிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி – கண்காட்சி

மாட்டுங்கா ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பவர் முதல் ஸ்டேஷன் மாஸ்டர் வரை எல்லோரும் பெண்கள். 2017இலிருந்து இப்படித்தான் நடக்கிறது. பதினொரு மணிக்கு லேடீஸ் பெட்டியில் நிற்க நல்ல இடம் கிடைத்தது. ஏறியவுடன் எல்லோரும் உட்கார்ந்திருப்பவர்களிடம் எங்கே இறங்குவீர்கள் என்று கேட்டு, அந்த இடத்தைப் பேசி வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தப் பழக்கம் தெரியாது என்பதை என் முகத்திலேயே பார்த்துவிட்ட ஒரு காலேஜ் பெண், பைகுலாவில் தனக்கு வந்த இடத்தை எனக்குக் காட்டிவிட்டு நின்றுகொண்டாள்.

காலா கோடா பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடி. மரப்படி. வாசலில் குடைகளைப் போட ஒரு பெரிய பக்கெட். நுழைவு 50 ரூபாய். போட்டோ எடுக்கக் கூடாது என்றார்கள். அது எனக்குச் சரியாகவே பட்டது, ஏனென்றால் நோட்டும் பென்சிலுமாக நின்றால் கண் வேறு மாதிரி வேலை செய்யும். ஒவ்வொரு சுவரிலும் நூலில் கட்டி ஒரு லென்ஸ் தொங்கவிட்டிருந்தார்கள். யோசித்துச் செய்த ஏற்பாடு.

க்வில்ட் என்றால் மூன்று அடுக்கு: மேல்துணி, நடுவில் பஞ்சு அல்லது வாடிங், அடித்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் தையல்தான் க்வில்ட்டிங். குட்டி க்வில்ட்டிலும் இந்த மூன்றும் இருந்தாக வேண்டும். வெளிநாட்டுப் போட்டிகள் பலவற்றில் ஒரு பக்கம் 24 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்று விதி வைக்கிறார்கள். அதைவிட முக்கியமான விதி, உள்ளே இருக்கும் டிசைனும் அதே கணக்கில் சுருங்க வேண்டும் என்பது. இங்கே ஒரு போர்வையில் பெரிய பூப்போட்ட துணியை வெட்டிச் சேர்த்திருந்தார்கள். தையல் சுத்தம்தான். ஆனாலும் பூ சுருங்காததால் அது ஒரு பெரிய போர்வையிலிருந்து வெட்டியெடுத்த துண்டாகத்தான் தெரிந்தது. பரிசு கொடுப்பது என் கையில் இருந்தால் கொடுக்க மாட்டேன்.

நான் அதிக நேரம் நின்றது ஒரு லாக் கேபின் முன்னால். நடுவில் ஒரு சிவப்புச் சதுரம், அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகள் அடுக்கிக்கொண்டு போகும் பழைய அமெரிக்க டிசைன். மரக்கட்டை வீட்டின் அடுப்புக்காக நடுச் சதுரத்தைச் சிவப்பாக வைப்பது அங்கே வழக்கம். இந்தப் போர்வை பத்துக்குப் பத்து அங்குலம். ஒவ்வொரு கட்டமும் ஒரே அங்குலம், ஆக நூறு கட்டம். ஒரு கட்டத்தில் நடுச் சதுரமும் மூன்று சுற்றுப் பட்டையுமாகப் பதிமூன்று துண்டு. மொத்தம் 1300 துண்டு. பட்டையின் அகலம் நம் டெய்லர் கணக்கில் ஒரே ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம்.

தைக்கிறவர்களுக்கு இது என்னவென்று உடனே புரியும். சாதாரண க்வில்ட்டில் தையலுக்கு உள்ளே ரெண்டு நூல் துணி விடுவோம். இந்தப் பட்டையே ஒரு நூல்தான். தைத்த பிறகு உள்துணியை ஒரு நூலுக்கு நறுக்கினாலும், வெளியே தெரிகிற துணி எவ்வளவோ அவ்வளவு உள்ளேயும் மடிந்து கிடக்கும். சமதளம் என்பதே இல்லை, எங்கு தொட்டாலும் தையல்மேடு. ஒவ்வொரு பட்டை வைத்ததும் இஸ்திரி போட்டு அழுத்தாவிட்டால் கட்டம் கோணிவிடும். அரை மில்லிமீட்டர் தவறினால் பெரிய போர்வையில் யாரும் பார்க்க மாட்டார்கள், இதில் ஒரு பட்டையே காணாமல் போய்விடும். அதனால் காகிதத்தில் கோடு போட்டு, காகிதத்தோடு சேர்த்தே தைத்து, கடைசியில் காகிதத்தைக் கிழித்தெடுக்கிறார்கள். தையலைப் பொடியாக வைத்தால்தான் காகிதம் இழுபடாமல் கிழியும்.

பக்கத்தில் அறுகோணத் துண்டுகளால் ஒன்று, பக்கத்துக்கு ரெண்டு நூல் நீளம், எல்லாம் கைத்தையல். வங்காளத்துக் காந்தா ஒன்று. பழைய சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைக்கும் வழக்கத்தில் செய்தது. கர்நாடகத்தின் வட கன்னடத்தில் சித்தி (Siddi) என்ற இனத்துப் பெண்கள் தைக்கும் கவண்டி என்னும் போர்வை ஒன்றும் இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழியினர் அவர்கள், எல்லாப்பூர், ஹலியால் பக்கம் வாழ்கிறார்கள். கவண்டியை ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள். நான்கு மூலையிலும் மடித்த துணியில் பூ மாதிரி ஒன்று வைக்காவிட்டால் போர்வை முடிந்ததாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்களாம்.

வெள்ளைக் கையுறை போட்ட ஒரு வயதான மராத்தி அம்மா கூடவே நடந்து, கேட்பவர்களுக்கு மட்டும் போர்வையைத் திருப்பி முதுகைக் காட்டினார். முதுகைப் பார்த்தால்தான் தைத்தவரின் சுபாவம் தெரியும். எங்கள் செக்கிங் டேபிளிலும் முதலில் முதுகைத்தான் பார்ப்போம். லாக் கேபினின் முதுகில் ஒரு சின்னத் துணிச்சீட்டில் தைத்தவரின் பெயரும் ஆண்டும் எழுதித் தைத்திருந்தது.

மூன்று மணி இருக்கும். கூரையின் ஒரு மூலையிலிருந்து சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. யாரும் கத்தவில்லை. அந்த அம்மா கையுறைப் பெட்டியைத் திறந்து பார்வையாளர்களிடம் நீட்டினார். பள்ளிப் பையன் ஒருவன், வக்கீல் மாதிரி கறுப்புக் கோட்டில் ஒருவர், நான், இன்னும் நாலைந்து பேர், ஆளுக்கொன்றாக இறக்கி எதிர்ச் சுவருக்குக் கொண்டுபோனோம். என் கைக்கு வந்தது அந்த லாக் கேபின். பஞ்சை உரித்து பாதி கனத்துக்கு மெல்லிசாக்கி வைத்திருக்கிறார்கள் என்பது கையில் எடுத்தபோதுதான் தெரிந்தது. ஆனாலும் தையல்மேடுகளால் விறைப்பாக நின்றது, அட்டை மாதிரி. வேலையெல்லாம் முடிந்ததும் அந்த அம்மா எல்லோருக்கும் கீழே இருந்து கட்டிங் சாய், அதாவது அரை கிளாஸ் டீ, வரவழைத்தார்.

திரும்பும்போது கடைசி மூலையில் ஒரு கம்பியில் மடித்துப் போட்டிருந்த கோதடி கண்ணில் பட்டது. மகாராஷ்டிரத்தில் வீட்டுக்கு வீடு பழஞ்சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையலில் தைக்கும் போர்வை. இது முழு அளவு. இந்தக் குட்டிப் போர்வைகளுக்கெல்லாம் இந்த மண்ணில் மூத்தது எது என்று காட்டத்தான் வைத்திருக்க வேண்டும். அட்டையில் இருந்தது இவ்வளவுதான்: மகாராஷ்டிரம், பழைய பருத்திச் சேலைகள், கைத்தையல்.

பெயர் இல்லை. மற்ற எல்லாவற்றிலும் தைத்தவர் பெயர், ஊர், நூலின் ரகம் வரை இருக்கிறது. இதில் இல்லை. கவண்டியிலும் இனத்தின் பெயரோடு சரி. எனக்கு இது மனசுக்கு ஒப்பவே இல்லை. ராத்திரி சித்தியிடம் சொன்னபோது, “தாராவியில ஒரு அக்கா கோதடி தெக்கறாங்க. ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போறேன் கண்ணு” என்றார்.

ஆகஸ்ட் 9, சனி – மங்கள்தாஸ் மார்க்கெட்

காலையில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் கஃபே மெட்ராஸ். வாசலில் பேர் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் நின்றோம். ராகி மசால் தோசை ஓரம் முறுகலாக, நடுவில் மெத்தென்று இருந்தது. சித்தி கொடுத்த காப்பியோடு ஒப்பிட்டால் இங்கே காப்பி சுமார்தான், ஆனால் தோசைக்காக இன்னொரு அரை மணியும் நிற்கலாம்.

ரக்ஷா பந்தன். தெருவெல்லாம் ராக்கிக் கடை, இனிப்புப் பெட்டி. ரயிலில் அண்ணன் தம்பி வீட்டுக்குப் போகும் பெண்களும் பிள்ளைகளும் நெருக்கியடித்தார்கள். பொடி டிசைன் துணி வாங்கலாம் என்று மங்கள்தாஸ் மார்க்கெட் போனால், பாதிக் கடைகளில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்கள். திறந்திருந்த ஒரு கடையில் கடுகளவு புள்ளி போட்ட காட்டன் மீட்டர் 140 ரூபாய். அரை மீட்டருக்குக் குறைந்து வெட்ட மாட்டேன் என்றார். குட்டிப் போர்வை தைக்க என்று போனில் இருந்த விளம்பரப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய் சாம்பிள் அட்டையிலிருந்து பிரித்த துண்டுகள் ஒரு கட்டு எடுத்துவந்து, காசு வேண்டாம் என்று கொடுத்துவிட்டார். பண்டிகை நாளில் கடைசி வியாபாரம், அதனால் அரை மீட்டரும் வாங்கிக்கொண்டேன். வாசலில் வடாபாவ் 20 ரூபாய். மழை நாளில் அதன் பச்சை மிளகாய்க்கு ஈடு இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு – தாராவி

தொண்ணூறடி ரோட்டில் நுழைந்ததும் தமிழ்தான். கடைப் பலகை, கோயில் மைக், சண்டை, எல்லாம். பொங்கலன்று இந்த ரோட்டிலேயே வரிசையாகப் பானை வைப்பார்கள் என்று சித்தி சொல்லிக்கொண்டு வந்தார். மழைத்தண்ணீர் கணுக்காலுக்கு நின்றது. சந்துக்குள் திரும்பியதும் என் செருப்பின் வார் அறுந்தது. எதிர்வீட்டுத் திண்ணையில் இருந்த பையன் எழுந்து போய், ஊக்கு ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்துகொண்டான்.

சித்தி சொன்ன கோதடி அக்காவை நான் பெரியம்மா என்று கூப்பிட்டேன். அவருக்குத் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி வந்ததிலிருந்து இங்கேதான். பக்கத்து வீட்டு மராத்தி அம்மாவிடம் பழகிய கோதடித் தையல், இப்போது அவருக்கு அதுதான் வரும்படி. சேலைகளைத் தைக்கச் சொல்பவர்களே கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும். நூலும் கூலியுமாக 600 ரூபாய். ஒரு கோதடிக்கு எட்டு நாள், பத்து நாள் ஆகும். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு என்ன வருகிறது என்று நீங்களே பாருங்கள். எங்கள் கம்பெனியில் பல ஊசி மெஷின் ஓடும் நேரத்துக்கு முன்னால் இந்த எட்டு நாளை வைத்துப் பேசவே எனக்கு நா எழவில்லை.

தரையில் சேலைகளை விரித்து, நாலு மூலையிலும் அம்மிக்குழவி, டப்பா, சொம்பு என்று பாரம் வைத்துச் சுருக்கம் எடுக்கிறார். பழஞ்சேலைதான் நல்லது, புதுத்துணி ஊசியை எதிர்க்கும் என்றார். கோடு எதுவும் போடவில்லை. வலது கட்டைவிரல் நகத்தால் துணியைக் கீறிக்கொண்டே போகிறார், அந்தக் கீறல் மறைவதற்குள் ஊசி அந்த வழியே வந்துவிடுகிறது. ஒரே குத்தில் நாலைந்து தையலை ஊசியில் ஏற்றி, அப்புறம்தான் நூலை இழுக்கிறார். நான் என் டேப்பை வைத்துப் பார்த்தேன், அங்குலத்துக்கு ஏழு. கொஞ்சம் தள்ளி வைத்தாலும் ஏழு.

பச்சைக் குழந்தைக்குத் தைக்கும் துப்டேயைக் காட்டினார். ரெண்டு சாண் அளவு, மெல்லிசான வாயில் (voile) சேலை. அதில் தையல் இன்னும் பொடி. “பிள்ளைக்கு உறுத்தக் கூடாதுல்லா” என்றார். அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் சிறுமிகளுக்குப் பொம்மைப் போர்வை தைக்கக் கொடுத்துத்தான் தையல் பழக்கினார்கள். இந்தத் துப்டேயை அந்தக் கூடத்துச் சுவரில் மாட்டினால் லென்ஸைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

கண்காட்சியைப் பற்றிச் சொன்னேன்.

“ஒரு சாணா? அத யாரு போத்துவா?”

“யாரும் போர்த்த மாட்டாங்க பெரியம்மா. பார்க்கறதுக்குத்தான்.”

“பாக்கதுக்கா?” என்று கொஞ்சம் யோசித்தார். “அப்பம் நானும் பாக்கணும்.”

அன்றைக்கே கூட்டிப்போக ஆசைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை, சென்ட்ரல் லைனில் மெகா பிளாக், பராமரிப்பு வேலைக்காக ரயில்களைக் குறைத்துவிடும் நாள். பஸ்ஸில் போகலாம் என்றால் மண்டபத்துக்குப் போகும் பெரிய பிள்ளையார் ஒன்று தார்ப்பாய் போர்த்தி ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. டோல் மேளச் சத்தத்தில் கண்டக்டர் சொன்னதும் கேட்கவில்லை. சதுர்த்திக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கிறது, ஊர் இப்போதே தயாராகிவிட்டது. சரி, நாளைக்கு என்று திரும்பிவிட்டோம்.

ஆகஸ்ட் 11, திங்கள் – மறுபடி கண்காட்சி

பெரியம்மா நல்ல சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு மாட்டுங்கா ஸ்டேஷனில் எங்களுக்கு முன்பே நின்றிருந்தார். நாலு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும், அதற்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

கூடத்தில் அவர் எதையும் அவசரமாகப் பார்க்கவில்லை. லாக் கேபின் முன்னால் லென்ஸைப் பிடித்துக்கொண்டு நின்றார். “இது மெஷின்ல தச்சது. ஆனா கை சும்மா இல்ல” என்றார். முதுகைத் திருப்பிக் காட்டச் சொன்னார். கையுறை அம்மா காட்டியதும் இருவரும் மராத்தியில் பேசத் தொடங்கினார்கள். எனக்குப் புரிந்த அளவுக்கு நூலைப் பற்றி. நூறாம் நம்பர் பட்டு நூல், தையல் மேடு தெரியாமல் இருக்க அவ்வளவு மெல்லிசு. பெரியம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. “துவச்சா நிக்காது” என்று என்னிடம் தமிழில் சொன்னார். துவைக்க மாட்டார்களே என்றேன். “தைக்கவ துவைக்கதுக்குத்தான் தைக்கணும் தாயி.”

அவர் சொன்னதோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. துவைக்காத துணிக்கு மெல்லிய நூல் சரிதான், ஒரு நூல் பட்டையில் தடித்த நூல் வந்தால் டிசைனே கெட்டுவிடும். ஆனால் அந்த அறையில் தையலைத் தையலாகப் பார்த்துப் பேசியவர் அவர்தான்.

அப்புறம் கோதடிக்கு வந்தார். லென்ஸை எடுக்கவில்லை. கையுறை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, மடிப்பைக் கொஞ்சம் விரித்து, வரிசைமேலேயே கையை ஓட்டினார். பாதியில் நிறுத்தினார்.

“இது ரெண்டு பேரு தச்சது.”

எப்படி என்று கேட்டேன். இந்தப் பக்கம் வரைக்கும் ஒரு கை, இதிலிருந்து வேறு கை என்றார். எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு ஓரத்திலிருந்து நடுவுக்குத் தைத்து வந்திருக்கிறார்கள். ஒருத்தி நூலை இறுக்கி இழுப்பவள், இன்னொருத்தி தளர விடுபவள். முடிச்சு போடும் விதமும் வேறு. நான் லென்ஸையும் டேப்பையும் வைத்து எண்ணினேன். ஒரு பக்கம் அங்குலத்துக்கு ஆறு, மறுபக்கம் எட்டு. இறுக்கி இழுத்த பக்கத்தில் துணி லேசாகச் சுருங்கி நின்றது.

கையுறை அம்மா கண்காட்சிப் பொறுப்பாளரைக் கூப்பிட்டார். இளம் பெண், பொறுமையாகக் கேட்டார். ஒரு சேகரிப்பாளரிடம் கடனாக வாங்கியது, அவர் ஒரு பழந்துணி வியாபாரியிடம் வாங்கியது, பெயர் யாருக்கும் தெரியாது என்றார். தெரியாது என்பதையாவது அட்டையில் எழுதலாமே என்றேன். தைத்தவர்கள் இருவர், பெயர்கள் பதிவாகவில்லை. அந்த ஒரு வரி இருந்தால் பார்க்கிறவர்களுக்கு ஆட்கள் இருந்தார்கள் என்பதாவது தெரியும். கவண்டிக்கும் யாரிடம் வாங்கினீர்களோ அவர்களிடம் கேட்டு எழுதுங்கள் என்றேன். கவண்டிக்குப் பெயர் கேட்டு வாங்க முடியும் என்று ஒத்துக்கொண்டார். கோதடி அட்டையை மாற்ற சேகரிப்பாளரிடம் பேச வேண்டும் என்றார். பேசுவார் என்று நம்புகிறேன். பார்வையாளர் நோட்டில் நான் தமிழில் ஒரு பக்கம் எழுதினேன், பெரியம்மா மராத்தியில் கையெழுத்துப் போட்டார்.

மூன்றரைக்கு அவரை வீட்டில் விட்டோம். ஒரு சாண் அளவில் ஒரு கோதடி தைத்துத் தர முடியுமா என்று கேட்டேன். கூலி பேசும்போது, “சின்னதுன்னு குறைக்க மாட்டேன், அதுக்குத்தான் கண்ணு போவும்” என்றார். முழுக் கூலியும் கொடுத்துவிட்டு வந்தேன். ஊதாப் பூனம் சேலை, ஓரத்துக்கு மங்கள்தாஸ் கடைக்காரர் கொடுத்த புள்ளித் துணி. முதுகில் அவர் பெயரையும் தைக்கச் சொல்லியிருக்கிறேன். சித்தி அடுத்த மாதம் கரூர் வரும்போது கொண்டுவருவார்.

கண்காட்சி 17ஆம் தேதி வரை இருக்கிறது, காலை பதினொன்று முதல் மாலை ஆறு மணி வரை. மும்பையில் இருப்பவர்கள் போய்ப் பாருங்கள். லாக் கேபினை முதுகோடு பாருங்கள், கேட்டால் காட்டுவார்கள். கடைசி மூலையில் கோதடியிடம் வந்ததும் மேல் மடிப்பில் பச்சைக் கட்டம் போட்ட சேலையும் குங்கும நிறச் சேலையும் சேரும் இடத்தில் லென்ஸை வையுங்கள். இரண்டு கைகளும் சந்திப்பது அங்கேதான்.